யாருக்காக இந்த முகப்பு?

‘பிரெஞ்சு முகப்பு’ என்றொரு தொடர் இப்பொழுது வன்னியில் மேசன்மார் வாயில் புழங்கத் தொடங்கியிருக்கிறது. “சாதா முகப்போ, பிரெஞ்சு முகப்போ?” என்று வீட்டுக்காரரைக் கேட்கிறார்கள். சாதா முகப்பென்றால் பூச்சும் வர்ணமும், அதோடு முடிந்தது. பிரெஞ்சு முகப்பின் விவகாரம் வேறு. எதையும் தாங்காத அரைத்தூண்கள் சுவரோடு ஒட்டி எழும். திறக்க முடியாத நெடிய யன்னல்கள் கண்ணாடியோடு பொருத்தப்படும். பழைய ஓட்டுக் கூரையை மறைத்து ஒரு கைப்பிடிச் சுவர் உயரும். அச்சுவரின் மேல் செங்குத்தான இன்னொரு கூரையின் சாயல் தகரத்தில் வந்து நிற்கும். வீட்டின் உள்ளே ஒன்றும் மாறாது. அடுக்களைப் புகை முன்பு எங்கே போயிற்றோ அங்கேயே போகும். கிணறும் மலகூடமும் இருந்தபடியே இருக்கும். வீதியைப் பார்த்த ஒரே ஒரு சுவர் மாத்திரம் பாரிஸ் நகரத்துக்குக் குடிபெயர்ந்துவிடும்.

“அவரவர் வீடு, அவரவர் பணம், இதில் நமக்கென்ன?” என்று நாமும் முதலில் வாளாவிருந்தோம். வீடு கட்டுவோனின் ஆசையைக் கேலி செய்வது எளிது; அது படித்தவர்களின் பொழுதுபோக்குகளுள் ஒன்று. தறப்பாளின் கீழும் தகரத்தின் கீழும் ஆண்டுக் கணக்கிற் கிடந்து எழுந்த ஒரு மக்கள் கூட்டம் தன் வீட்டுக்கு ஒரு பூ வைத்துப் பார்க்க விரும்பினால், அதைப் பழிக்க எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் ஒரு வீட்டைக் கண்ட பின்னர் வாளாவிருக்க இயலவில்லை.

குளக்கட்டுக்குக் கீழே, வயலை நோக்கி நிற்கும் பழைய வீடு அது. மூன்று தலைமுறை கண்டது. சுண்ணாம்புச் சாந்திற் கட்டிய தடித்த சுவர். நான்கு முதிரைக் கப்புகள் தாங்கிய முன் விறாந்தை. வாசற்படியின் இரு மருங்கும் திண்ணை. பாலை மரத்து வளையும் கைமரங்களும். குனிந்துதான் நுழைய வேண்டும் என்னும்படி தாழ இறங்கிய ஓட்டுத் தாழ்வாரம். போர்க் காலத்து இடப்பெயர்வுகளில் அது ஆளின்றிக் கிடந்தது. 2009 இல் கூரையிற் பாதியை எறிகணை கொண்டுபோயிற்று. சுவர் அசையவில்லை. மீளக் குடியேறிய குடும்பம் எஞ்சிய கூரையின் கீழ், திண்ணையிலேயே அடுப்பு மூட்டித் தன் முதல் மாரியைக் கழித்தது. வன்னிப் பெருநிலத்தில் போருக்குத் தப்பி நிற்கும் பழைய வீடுகள் மிகச் சில. அவற்றுள் ஒன்றாகிய இதைச் சென்ற ஆண்டு அலவாங்கு கொண்டு இடித்தார்கள். எறிகணை விட்டுவைத்த திண்ணையை முகப்புக்காரர் விட்டுவைக்கவில்லை. கப்புகளைப் பிடுங்கி வேலியோரம் எறிந்தனர். தாழ்வாரத்தைச் சுவரோடு சுவராக அறுத்தனர். இப்பொழுது அங்கே வெண்மையும் சாம்பலுமாக ஒரு பிரெஞ்சு முகப்பு நிற்கிறது. வீட்டின் மூதாட்டி பின்புறக் கொட்டிலுக்கு வந்துவிட்டார். “முன்னுக்கு இருக்க ஏலாது, தம்பி. பின்னேரத்திலை சுவர் அடுப்பு மாதிரிக் கொதிக்குது” என்றார்.

அம்மூதாட்டி சொன்னது முறைப்பாடு அன்று. கட்டடக் கலையின் அரிச்சுவடி. வன்னி உலர் வலயம். ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்றோடு வரும் மழை. மற்றைய மாதங்களிற் பெரும்பாலும் வெயில். தாழ்ந்த தாழ்வாரம் இவ்விரண்டுக்கும் ஒரே விடையாக அமைந்தது. கோடையில் அது சுவரை வெயில் தொடவிடாது; மாரியில் அதே சுவரை மழை தொடவிடாது. அதை அறுத்தெறிந்து கைப்பிடிச் சுவரை உயர்த்துபவர், இரு பகைவருக்கும் வாசலைத் திறந்து கொடுக்கிறார். கைப்பிடிச் சுவருக்கும் பழைய கூரைக்கும் இடையே ஒரு பள்ளம் உண்டாகிறது. அதிற் பீலி வைக்கிறார்கள். முற்றத்து வேம்பும் புளியும் தம் இலைகளை அப்பீலியிற் சொரிகின்றன. முதற் பெருமழையில் நீர் தேங்குகிறது, தேங்கிய நீர் சுவர்த்தலையில் இறங்குகிறது, வளை நனைகிறது, நனைந்த வளையைத் தேடிக் கறையான் வருகிறது. கூரையை மறைத்தாயிற்றாதலால் அந்த அழுகலை வீட்டுக்காரர் காண்பதும் இல்லை, ஒருநாள் சீலிங் விழும்வரை.

பூச்சின் கதை இன்னும் வேடிக்கையானது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சியதை வெயிலில் வெளியே விடும். மண்சுவரும் அவ்வாறே. அதன் மேல் சீமெந்துப் பூச்சைத் தடிப்பாகப் பூசி, மினுங்கும் வர்ணத்தையும் தீற்றினால், உள்ளே போன ஈரம் வெளியே வர வழியின்றிச் சிறைப்படும். நிலத்திலிருந்து ஏறும் நீரோடு உப்பும் ஏறும். இரண்டு மூன்று மாரிக்குள் பூச்சுக் கொப்புளித்துப் பாளம் பாளமாக உதிரும். “பழைய சுவர், அதுதான் பூச்சு நிற்குதில்லை” என்று சுவரின் மேலே பழி போடுவார்கள். நூறாண்டு நின்ற சுவரா குற்றவாளி?

திறக்காத யன்னலைப் பற்றி ஒரு வார்த்தை. பாரிஸ் நகரத்தில் ஆண்டின் பெரும்பகுதி வெயில் விருந்தாளி. அதைக் கண்ணாடி வழியே உள்ளே அழைப்பது அங்கே நியாயம். நமக்கு வெயில் விருந்தாளியா? கண்ணாடி ஊடாக உட்புகுந்த வெப்பம் திரும்பி வெளியேறாது. யன்னலும் திறவாது. ஆகவே மின்விசிறி சுழல வேண்டும். மின்கட்டணம் ஏற வேண்டும். உண்மையான பிரெஞ்சு யன்னலாவது இரு கதவும் திறக்கக் கூடியது. சாய்சட்டம் பொருத்திய மரப் பலகைகள் வெளிப்புறம் காவல் நிற்கும். நம் ஊரில் வந்து நிற்பது அதன் படம்.

படத்துக்கு இவ்வளவு செலவா என்று கேட்கலாம். இந்திய உதவி வீட்டுத்திட்டத்தை வன்னி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2012 முதல் பெருமளவில் நடைபெற்ற அத்திட்டத்தில், வடக்கு கிழக்கில் ஒரு குடும்பத்துக்குப் புதுவீடு கட்டக் கிடைத்த தொகை 550,000 ரூபா. கட்டப்பட வேண்டிய அளவு 550 சதுர அடி. அத்தொகை போதாமையால் நகையை அடகு வைத்தவர் எத்தனை பேர், பூசாத சுவரோடு குடிபுகுந்தவர் எத்தனை பேர் என்பதை நம் வகுப்பறைகளில் இருக்கும் பிள்ளைகளே சொல்வார்கள். பின்னர் 2022 இன் பொருளாதார நெருக்கடியில் ஒரு சீமெந்துப் பையின் விலை 3,000 ரூபாவைத் தாண்டியது. இன்று நாம் மேலே சொன்ன முகப்பு ஒன்றுக்குச் செலவான பணம், அன்று ஒரு முழு வீட்டுக்குக் கொடுத்த தொகையை விஞ்சிவிட்டது. விலைவாசி ஏறியதன் பங்கும் அதில் உண்டு என்பதை ஒப்புக்கொள்வோம். எனினும் அடுக்களைக்குப் புகைபோக்கி வைக்கப் பணமில்லை என்ற வீட்டில் அரைத்தூணுக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

வெளிநாட்டிலிருந்து வந்தது என்பது பாதி உண்மைதான். முதல் முகப்பு வெளிநாட்டுப் பணத்தில் எழுகிறது. இரண்டாவது முகப்பு, அதைப் பார்த்த அயலவரின் கடனில் எழுகிறது. பெண்ணுக்குச் சம்பந்தம் பேச வருபவர்கள் படலையில் நின்றே வீட்டை நிறுத்துப் பார்க்கிறார்கள். சீதனமாக எழுதிக் கொடுக்கப் போகும் வீட்டின் முகம் மங்கியிருந்தாற் பேச்சும் மங்கிவிடுகிறது. பிரான்சிலும் கனடாவிலும் உறவில்லாத கமக்காரன் என்ன செய்வான்? நுண்கடன் நிறுவனங்களின் வாசலில் நிற்பான். பெரும்பாலும் அவன் நிற்பதில்லை, மனைவியை நிறுத்துவான். வாரந்தோறும் தவணை வாங்க வீடு தேடி வந்தவர்களால் வடக்கின் பெண்கள் பட்ட அவதி நாடறிந்தது. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற 100,000 ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018 இல் அரசாங்கமே அறிவிக்க வேண்டிய நிலை வந்தது. அக்கடன்கள் எல்லாம் முகப்புக்காக வாங்கியவை என்று நாம் சொல்லவில்லை. பசிக்கு வாங்கியவையே மிகுதி. பசிக்குக் கடன்பட்ட ஊரில் முகத்துக்கும் கடன்பட வைக்கும் போட்டியைத்தான் குறை சொல்கிறோம்.

இனி, பணம் அனுப்புகிற அந்தச் சகோதரனைப் பற்றியும் பேச வேண்டும். அவன் மீது நமக்குக் கோபமில்லை. போருக்குத் தப்பி ஓடியவன். பாரிஸின் உணவகச் சமையலறைகளில் கோப்பை கழுவியவன். விடியுமுன் எழுந்து அலுவலகங்களின் தரை துடைத்தவன். லா சப்பல் வீதியோரத்தில் நம் கடைகளைக் கண்டு ஊரை நினைத்தவன். நாளெல்லாம் அண்ணாந்து பார்த்த கட்டடத்தின் சாயலைத் தன் தாயின் வீட்டுக்குச் சூட்ட விரும்புகிறான். அந்த விருப்பத்துக்குள் ஒரு கண்ணீர் இருக்கிறது. ஆனால் அவன் அண்ணாந்து பார்த்த கட்டடத்தின் வரலாற்றை அவனுக்கு எவரும் சொல்லவில்லை.

1853 முதல் 1870 வரை, மூன்றாம் நெப்போலியனின் ஆட்சியில், ஓஸ்மான் என்னும் நிர்வாகி பாரிஸை இடித்துக் கட்டினார். நேர்கோட்டு வீதிகள், ஒரே உயரத்தில் ஓடும் விளிம்புகள், ஒரே சாயலான முகப்புகள் எல்லாம் அவர் காலத்து ஆக்கங்கள். அவ்வழகு எழுந்த இடத்தில் முன்பு குடியிருந்த தொழிலாளர் நகரின் புறத்தே தள்ளப்பட்டனர். ஏழைகளின் குடியிருப்பை இடித்து அவர்களை வேறிடத்துக்குத் துரத்திவிட்டு, நகரை அழகுபடுத்தினோம் என்று முதலாளி வர்க்கம் பெருமை பேசும் முறைக்கு ஓஸ்மானின் பெயரையே எங்கெல்ஸ் சூட்டினார். 1872 இல் குடியிருப்புப் பிரச்சினை பற்றி அவர் எழுதிய கட்டுரைகளிற் காணலாம். இன்று வன்னியில் தகரத்தில் எழுகிற அந்தச் செங்குத்துக் கூரை இருக்கிறதே, பதினேழாம் நூற்றாண்டின் கட்டடக் கலைஞர் பிரான்சுவா மான்சார் பெரிதும் கையாண்டதால் அவர் பெயரைப் பெற்றது. பாரிஸில் கட்டடத்தின் உயரத்துக்குச் சட்டம் வரம்பிட்டது. சுவரின் விளிம்புக்கு மேலே, கூரைக்குள்ளேயே இன்னொரு தளத்தை ஒளித்துக்கொள்ள அக்கூரை உதவியது. அத்தளத்தில் யார் குடியிருந்தார்கள்? வீட்டு வேலைக்காரர்கள்! கோடையில் வெந்து, குளிரில் விறைத்து, பின்புறப் படிக்கட்டால் ஏறி இறங்கிய ஏவலாளர்களின் அறைகள் அவை. நம் ஊரவர் சிலரும் அகதியாகச் சென்ற புதிதில் அத்தகைய அறைகளில் நால்வர் ஐவராய் நெருங்கிப் படுத்ததாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். தாம் ஒடுங்கிக் கிடந்த கூரையையா தாயின் வீட்டுக்கு முடியாக வைப்பது? யன்னல் கதை இன்னொன்று. பிரான்சில் 1798 முதல் 1926 வரை கதவுகளுக்கும் யன்னல்களுக்கும் எண்ணி வரி விதித்தார்கள். வரிக்கு அஞ்சிய ஏழை தன் வீட்டில் யன்னலைக் குறைத்தான். நெடிய யன்னல் வரிசை செல்வத்தின் அடையாளமாயிற்று. அந்த அடையாளம், வரியும் இல்லாத, குளிரும் இல்லாத வன்னிக்குக் கப்பலேறி வந்திருக்கிறது.

“புதுச்சேரியைப் பாருங்கள், அங்கே தமிழர் வீட்டுக்குப் பிரெஞ்சு முகப்பு அழகாக அமையவில்லையா?” என்று நண்பரொருவர் நம்மை மடக்கினார். நல்ல கேள்வி. புதுச்சேரியைப் பார்க்கத்தான் வேண்டும். கவனமாகப் பார்க்க வேண்டும்.

1674 இல் பிரெஞ்சுக் கம்பனி கால் ஊன்றிய அந்நகர், 1761 இல் ஆங்கிலேயரால் தரைமட்டமாக்கப்பட்டு, 1765 முதல் மீண்டும் எழுந்தது. கால்வாய் ஒன்று அதை இரண்டாகப் பிளந்தது. கடற்கரைப் புறம் வெள்ளையர் நகரம். மேற்குப் புறம் கறுப்பர் நகரம். பெயர்களே போதும், உரை வேண்டியதில்லை. வெள்ளையர் நகரத்து வீடு வீதிக்கு உயர்ந்த மதிலைக் காட்டும். தோட்டமும் தூண் வரிசையும் பெருங்கதவின் உள்ளே இருக்கும். தமிழர் நகரத்து வீடோ வீதியை நோக்கித் திண்ணையை நீட்டும். திண்ணைக்கும் முன்பாக, மரக்கால்கள் தாங்கிய தாழ்வாரம் ஒன்று வழிப்போக்கனுக்கு நிழல் கொடுக்கும். வீடு வீடாகத் தொடர்ந்த அத்தாழ்வாரங்களினால் தெரு முழுவதும் ஒரே விறாந்தைபோல் ஆகும். காலப்போக்கில் வசதி படைத்த தமிழர் மாடி எடுத்தனர். அம்மாடியிலே பிரெஞ்சு ஒழுங்கு புகுந்தது: வளைவு யன்னல், அரைத்தூண், சுதை வேலை, கைப்பிடி வரிசை. ஆனால் கீழே? கீழே திண்ணை நின்றது, தாழ்வாரம் நின்றது, செதுக்கு வேலைக் கதவு நின்றது, உள்ளே முற்றமும் நின்றது. துய்ப்ளேயின் துபாசியாக இருந்த ஆனந்தரங்கப்பிள்ளை பிரெஞ்சுக்காரரின் உப்பைத் தின்றவர், அவர்களுக்காகவே உழைத்தவர். பதினெட்டாம் நூற்றாண்டில் எழுந்த அவர் மாளிகையிலும் கீழ்த்தளத்தில் மரத்தூண்கள் சூழ்ந்த முற்றமே இருக்கிறது. வெள்ளைச் சாந்துத் தூண்கள் மேல்மாடிக்குத்தான் ஏறின. ஏகாதிபத்தியத்துக்கு மொழிபெயர்த்தவர்கூடத் தன் முற்றத்தை விற்கவில்லை! அங்கே நிகழ்ந்தது ஒரு கலப்பு. தமிழ்க் கொத்தரும் தச்சரும் சுண்ணாம்பிலும் மரத்திலும் செய்து பார்த்து, வேண்டியதை எடுத்து, வேண்டாததை விட்ட கலப்பு. இங்கே நிகழ்வது ஒட்டு.

இன்னொன்றையும் அந்நண்பருக்குச் சொன்னோம். புதுச்சேரித் தமிழர் பகுதியில் வைசியாள் வீதி என்றொரு தெரு உண்டு. காலப்போக்கில் அங்கும் தாழ்வாரங்கள் அறுக்கப்பட்டன, திண்ணைகள் மறைந்தன. 2002 தொடக்கம் 2004 வரை, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியோடும் பிரான்சின் வில்நெவ்-சூர்-லோ, இத்தாலியின் உர்பீனோ ஆகிய நகரசபைகளின் கூட்டோடும், இன்டாக் எனப்படும் இந்திய மரபுரிமை நிறுவனத்தார் அத்தெருவின் முகப்புகளைத் திருத்தினார்கள். திருத்தம் என்றால் என்ன செய்தார்கள்? இழந்த தாழ்வாரத்தையும் திண்ணையையும் திரும்ப வைத்தார்கள். 2008 இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருதொன்று அத்தெருவுக்குக் கிடைத்தது. பிரெஞ்சு நகரமொன்றின் ஒத்துழைப்போடு புதுச்சேரியில் திண்ணை திரும்புகிறது. பிரெஞ்சு நகரமொன்றிலிருந்து வரும் நம்மவர் பணத்தில் வன்னியில் திண்ணை இடிகிறது. நண்பர் அதற்குமேற் பேசவில்லை. புதுச்சேரியில் எல்லாம் நலம் என்றும் எண்ண வேண்டாம்: கடற்கரையில் 1871 இல் எழுந்த நகரசபைக் கட்டடம் பராமரிப்பின்றிக் கிடந்து 2014 நவம்பரில் இடிந்து வீழ்ந்தது, அதன் அச்சில் வார்த்த புதுக்கட்டடம் 2021 இல் திறக்கப்பட்டது.

திண்ணையைப் பாடிக்கொண்டே போனால் நாமும் ஒரு பொய்க்கு உடந்தையாவோம். திண்ணை எல்லோருக்கும் திண்ணையாக இருந்ததா? உயர்ந்தோர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர்களின் திண்ணையில் வயல் உழுதவன் உட்கார்ந்ததில்லை. முற்றத்தில் நின்றான், சிரட்டையிலே தண்ணீர் குடித்தான். 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் உரிமைக்காக நின்றவர்களை அடித்துத் துரத்தியவர்களும் திண்ணை வைத்த வீட்டுக்காரர்களே. பழமையானது என்பதற்காக ஒன்றைப் பாதுகாக்கும் கூட்டத்தோடு நமக்கு உறவில்லை. வாசல் குறுகி, வெளிச்சம் குன்றி, பெண்களை அடுக்களை இருளுக்குள் அடைத்த பழைய வீடு மாறத்தான் வேண்டும். ஆனால் இம்முகப்பு எதை மாற்றியது? சாதியின் கோடு முன்பு திண்ணை விளிம்பில் இருந்தது. இப்பொழுது இரும்புக் கேற்றுக்கு நகர்ந்திருக்கிறது. முற்றத்தில் நின்றவன் இனி வீதியில் நிற்பான். திண்ணையில் எல்லோரும் சமமாக இருக்க வேண்டும் என்று போராடியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, திண்ணையே இல்லாத சுவரைக் காட்டுவதா தீர்வு?

முகப்பை எழுப்பும் கைகளையும் பாருங்கள். 1958 இலும் 1977 இலும் வன்செயலுக்கு அஞ்சி மலையகத்திலிருந்தும் தென்னிலங்கையிலிருந்தும் வன்னிக்கு ஓடி வந்தவர்களின் மக்கள் அங்கே கல் சுமக்கிறார்கள். காடு வெட்டிக் கழனியாக்கிய அவர்களுட் பலருக்குக் குடியிருக்கும் காணிக்கு இன்னும் உறுதி கிடையாது. உறுதியில்லாதவருக்கு வீட்டுத்திட்டமும் எட்டாக்கனி. நாள் முழுவதும் அடுத்தவர் சுவருக்குச் சுதைப்பூ ஒட்டிவிட்டு, மாலையில் தகரக் கொட்டிலுக்குத் திரும்புகிறார்கள். “முகப்பினால் மேசனுக்கு வேலை கிடைக்கிறதே” என்பார்கள். கிடைக்கிறது, மறுக்கவில்லை. எந்த வேலை? அச்சில் வார்த்த தூண்தலையும் பூவேலையும் கொழும்பிலிருந்து லொறியில் ஆயத்தமாக வந்து இறங்குகின்றன. ஒட்டுவதே மேசனின் பங்கு. தச்சருக்கு அதுவும் இல்லை. முதிரையிலே கப்புக் கடைந்த கை, அலுமினியச் சட்டத்துக்கு ஆணி பிடிக்கிறது.

உருக்கு வீட்டுக் கதையை இவ்விடத்தில் நினைவூட்டுவது தகும். 2015, 2016 ஆம் ஆண்டுகளில் வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகளைக் கொண்டுவர அரசாங்கம் முனைந்தது. ஆர்சலர்மிற்றல் என்னும் ஐரோப்பிய உருக்கு நிறுவனம் அவற்றைப் பொருத்துவதாக இருந்தது. ஒரு வீட்டின் விலை முதலில் 21 இலட்சம் ரூபா எனப்பட்டது. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலாளர்கள் அவ்வீட்டின் குறைகளை எடுத்துக்காட்டினர். தமிழ் மக்களின் பிரதிநிதிகளும் பொது அமைப்புகளும் எதிர்த்தனர். எங்கள் வெயிலுக்கு அது ஒவ்வாது; அதன் விலையில் இரண்டு கல்வீடு கட்டலாம்; உள்ளூர் மேசனும் தச்சரும் தொழிலிழப்பர்; குடியிருக்கப் போகிறவரைக் கேளாமலே வீட்டைத் தீர்மானிப்பதா — இவை அன்று எழுந்த குரல்கள். நாமும் அக்குரலோடு சேர்ந்து நின்றோம். 65,000 வீட்டுத் திட்டம் நிறைவேறவில்லை. அன்று நாம் சொன்ன நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்து இன்றைய பிரெஞ்சு முகப்பின் மேல் வைத்துப் பாருங்கள். அமைச்சர் கொண்டுவந்தால் எதிர்க்கிறோம். மைத்துனர் கொண்டுவந்தால் மாலை போட்டு வரவேற்கிறோம்.

அந்நியரிடமிருந்து கற்கவே கூடாதென்று இதற்குப் பொருளில்லை. பிரான்சோடு நம் நாட்டுக் கட்டடக் கலைக்கு வேறொரு உறவும் உண்டு. கண்டியைச் சேர்ந்த மினெற் டி சில்வா லண்டனிற் கற்றவர். பாரிஸிலிருந்து உலகையே கலக்கிய கட்டடக் கலைஞர் லே கொர்புசியேயின் நண்பர். அவருடைய புதுமையை அம்மையார் அறிந்தார். அதை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து ஒட்டவில்லை. நடுமுற்றத்தையும் உள்ளூர் நெசவையும் மட்பாண்ட ஓட்டையும் புதிய கொங்கிறீற்றோடு உறவாட வைத்தார். 1950களில் கண்டி வத்தப்புலுவையில் அரச ஊழியர்களுக்கு வீடமைத்தபோது, கோடு கிழிக்குமுன் அங்கே குடியேறப் போகிறவர்களிடம் அவர்கள் எப்படி வாழ்கிறார்கள், என்ன வேண்டும் என்று கேட்டறிந்தார். உருக்கு வீட்டுக்காரரும் கேட்கவில்லை, முகப்புக்காரரும் கேட்கவில்லை. அந்த மூதாட்டியிடம், “ஆச்சி, மாலையில் எங்கே இருப்பீர்கள்?” என்று ஒருவர் கேட்டிருந்தாற் போதும், திண்ணை தப்பியிருக்கும்.

இனி நம் பக்கம். ஆசிரியர்களாகிய நாம் இக்குற்றத்துக்கு விலக்கா? சம்பளத்தில் மாதாமாதம் கழித்துக்கொள்ளும் கடன் நமக்குத்தான் எளிதிற் கிடைக்கிறது. ஊரிலே முதல் முகப்பை வைத்தவர்களுள் நம்மவரும் உண்டு. பிள்ளைகள் பார்க்கிறார்கள். வகுப்பில் எளிமையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லிவிட்டு, வீதியில் அரைத்தூணைக் காட்டுகிறோம். நூலிட்டு மனை வகுத்த செய்தியை நெடுநல்வாடையிலிருந்து எடுத்துப் புள்ளிக்காக விளக்குகிற நாம், மாணவர் கையில் ஓர் அளவுநாடாவைக் கொடுத்து, “உன் ஊரில் எஞ்சியிருக்கும் பழைய வீட்டின் தாழ்வாரம் எத்தனை அடி இறங்கியிருக்கிறது, அளந்து வா” என்று அனுப்பியதுண்டா? வன்னியின் வீடுகளைப் பற்றிய அளவும் படமும் எத்தனை பள்ளிக்கூடங்களில் உள்ளன? எறிகணையில் அழிந்தவற்றை அளக்க இனி வழியில்லை. மிஞ்சியவற்றையாவது, முகப்பு வருமுன், உயர்தர வகுப்பு மாணவர் இரண்டு விடுமுறைக்குள் அளந்து முடிப்பார்கள். சுண்ணாம்புச் சாந்து குழைக்கத் தெரிந்த முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்; அவர்களை ஒருநாள் பள்ளிக்கு அழைத்துப் பேச வைக்கலாம். வீடு திருத்த விரும்புகிற பெற்றோருக்கு, முதற்பணம் புகைபோக்கிக்கும் மலகூடத்துக்கும் கிணற்றுக் கட்டுக்கும் போகட்டும் என்று சொல்ல நமக்கு நாவில்லையா? யன்னலை அகலமாக்குங்கள், திறக்கும்படி ஆக்குங்கள். தாழ்வாரத்தை அறுக்காமல் நீட்டுங்கள். திண்ணையை வைத்து அதில் எவரையும் இருக்கவிடுங்கள் என்று சொன்னாற் கேட்பவர் சிலராவது இருப்பார்கள். சொல்லுகிறவர் வீட்டு முகப்பைப் பார்த்துச் சிரிக்காத வரையில்.

அந்தக் குளத்தடி வீட்டுக்குப் பூச்சு வேலை செய்த மேசனைப் பின்னொரு நாள் சந்தித்தோம். நம்மிடம் முன்பு படித்த பிள்ளையின் தந்தை. முகப்பைப் பற்றிக் கேட்டதும் சிரித்தார். “மாஸ்ரர், இந்த மாதிரி முகப்பு நான் ஏழெட்டு வீட்டுக்குப் போட்டிட்டன். என்ர வீட்டுச் சுவர் இன்னும் பூசேல்லை” என்றார். இந்திய உதவி வீட்டுத்திட்டத்து வீடு அவருடையது. கல்லும் சாந்தும் வெளியே தெரிய, பன்னிரண்டு ஆண்டுகளாக அப்படியே நிற்கிறது. வேலியோரம் கிடக்கும் முதிரைக் கப்புகள் கெட்டுப்போகவில்லையா என்று கேட்டோம். “முதிரை கெடாது. திரும்ப நாட்டலாம். நாலு நாள் வேலை” என்றார். வீட்டாரிடம் சொன்னீர்களா என்றோம். மூதாட்டிக்குச் சம்மதமாம். பாரிஸிலிருக்கும் மகனிடம் தொலைபேசியிற் கேட்டிருக்கிறார்கள். அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையாம்.